என் காருக்கு ஊற்றிய லோரி எண்ணெய்

என் காரைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் கணவரிடம்தான் கேட்பார்கள். நான் பக்கத்தில் நின்றாலும் சரி, கையில் சாவியோடு நின்றாலும் சரி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே இருந்தாலும் சரி, கேள்வி என் தலைக்கு மேலே பறந்து அவரிடம் போய்விடும். "இது எத்தன சிசிண்ணே?" "பெட்ரோல் நல்லாக் குடிக்குமாண்ணே?" அவருக்குப் பாதி தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிடுவார். நான் திருத்திச் சொன்னால் கேட்டவர் சிரிப்பார், இவரும் சிரிப்பார், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முன் சக்கரம் இழுக்காது, பின் சக்கரம்தான் தள்ளும். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பல வருடச் சேமிப்பில், என் பெயரில், நானே போய்ப் பார்த்து, நானே ஓட்டிப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இதில் காய்கறிக் கூடையும் ஏறாது, மாமியாரும் ஏற மாட்டார், பிறகு எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்த இரண்டும் ஏறாது என்பதற்காகத்தான் வாங்கினேன் என்று நான் சொல்லவில்லை. மனதில் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது பிரிஞ்சாங் என்ற மலை ஊருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில். என் பள்ளிக்கூடம் கம்போங் ராஜா பக்கம். காலையில் பனி விலகுவதற்கு முன் கிளம்பி, கியா பார்ம் சந்தைக் கடைகள் தார்ப்பாயைத் தூக்குவதற்கு முன் அவற்றைக் கடந்து, வளைவுக்கு மேல் வளைவாகப் போக வேண்டும். வீட்டில் இருந்தால் எதற்காவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பள்ளியிலும் அப்படித்தான். அந்தச் சாலையில் மட்டும் என்னை யாரும் கூப்பிட முடியாது. வளைவுக்கு முன் கியரைக் குறைத்து, வண்டி சாலையைப் பிடித்துக்கொண்டு திரும்புவதை இடுப்பில் உணர்ந்து, மறுபடி மிதிக்கும்போது எனக்கு வயது குறைந்துவிடும். அது வேண்டும் எனக்கு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் காரின் பின்பக்கத்தில்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவிட்டால் வண்டி முரண்டு பிடிக்கும். அதற்காகப் பின் அச்சின் நடுவில், பல்சக்கரங்கள் அடங்கிய ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. டிஃபரன்ஷியல் என்பது அதுதான். எங்கள் ஊரில் டிஃப் என்றால் போதும். சாதாரண டிஃபுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் எஞ்சின் பலத்தையெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே கொடுத்து வீணாகச் சுற்றவிடும். என் காரில் இருப்பது அந்த ரகம் இல்லை. உள்ளே மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் வழுக்கினால் தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கும் பலத்தைக் கொடுக்கும். காய்கறி லோரிகள் தோட்டத்து மண்ணையெல்லாம் சாலையில் உதிர்த்துவிட்டுப் போகிற எங்கள் ஊரில், மழை நாளில், அது பெரிய விஷயம்.

அந்தத் தகடுகள் எண்ணெயில் ஊறிக் கிடப்பவை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்க வேண்டும், மெதுவாகத் திரும்பும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகவும் வேண்டும். அதற்கென்று ஒரு மருந்து கலந்த எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். மருந்து இல்லாத எண்ணெயை ஊற்றினால் தகடுகள் பிடித்துப் பிடித்து விடும். கரும்பலகையில் சாக்கைத் தப்பான கோணத்தில் வைத்து இழுத்தால் கோடு வராமல் கடகடவென்று புள்ளி புள்ளியாக விழுமே, அதே கதைதான். மருந்து அதிகமாகிவிட்டாலும் தொல்லை. தகடு பிடிக்கவே பிடிக்காது, சாதாரண டிஃபுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். காரை வாங்கிய புதிதில் இந்த எண்ணெயைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிரிஞ்சாங்கில் ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். என்ன எண்ணெய் வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் வரவில்லையா என்று மலாயில் கேட்டார். வரவில்லை என்றேன். அவரை போன் போடச் சொல்லுங்கள், அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். நான் சொன்ன அத்தனையும் அவர் காதில் விழவே இல்லை. நான் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

பிறகு இணையத்தில் இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். படத்துக்குப் பதில் என் காரின் பின்விளக்கைப் போட்டிருந்தேன். அங்கே எல்லோரும் என்னை ஆண் என்று நினைத்து "புரோ" என்றார்கள். நான் திருத்தவில்லை. புரோவாக இருந்தவரை கேட்ட கேள்விக்கெல்லாம் நேரான பதில் கிடைத்தது. அதே குழுவில் ஒரு பெண் தன் படத்தைப் போட்டுக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டாள். நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள் சிஸ்டர் என்றார்கள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த பதில். அன்று எனக்கு வந்த கோபத்தில் நான் யார் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எண்ணெய் விஷயம் முடியட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

புரோக்களின் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாதிப் பேர் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள். நூற்று நாற்பது என்று எண் போட்ட கெட்டியான எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். வெயிலில், கொதிக்கக் கொதிக்க, நாள் முழுக்க விரட்டுகிற வண்டிக்கு அது சரி. நான் சாலையில் ஓட்டுகிறவள். விடிகாலைக் குளிரில் கிளம்பி, பெட்டி சூடாவதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துவிடுகிறவள். கெட்டியான எண்ணெய் அந்தக் குளிரில் களி மாதிரி உறைந்து கிடக்கும். எனக்கு எழுபத்தைந்து தொண்ணூறு என்ற ரகம் போதும் என்று முடிவு செய்தேன். முதல் எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்வது, இரண்டாவது சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. தகடு வைத்த டிஃபுக்கு என்று புட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ள மருந்து தனியாக ஒரு சின்னப் புட்டியில். ஈப்போ நகரத்திலிருந்து வரவழைத்தேன். ஒரு முறைக்குப் போதுமானதை ஊற்றிவிட்டு, அடுத்த முறைக்கென்று சேர்த்து வாங்கியதை அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு கார் பூனை மாதிரி திரும்பியது.

இப்போது போமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி பழுதுபார்ப்பவரை எங்கள் ஊரில் போமன் என்போம். இவர் தோட்டத்துப் பட்டறையின் போமன். நல்ல மனிதர். என் கணவர் சொந்தமாக ஒரு காய்கறி லோரி வைத்து ஓட்டுகிறவர், ஓய்வு கிடைத்தால் அந்தப் பட்டறையில்தான் உட்கார்ந்திருப்பார். ஆயுத பூசைக்குத் தோட்டத்து ஜீப், லோரி, டிராக்டர் எல்லாவற்றையும் கழுவிப் பட்டறை முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். அக்கம்பக்கத்து வண்டிகளும் போய்ச் சேர்ந்துகொள்ளும். பூசைக்கு நிற்கிற வண்டி பழைய எண்ணெயோடு நிற்கக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் வழக்கம், எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே போமன் எல்லா வண்டிக்கும் எண்ணெயை மாற்றிவிடுவார். யாரையும் கேட்க மாட்டார், யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார்.

"எல்லா வண்டியும் நிக்கும், உன் காடி மட்டும் இல்லன்னா நல்லா இருக்காது" என்று சொல்லி என் கணவர் கார் சாவியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் போய்ப் பார்த்தேன். கழுவித் துடைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பெரிய லோரிகளுக்கு நடுவில் என் கார் நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது. தேங்காய் உடைத்தார்கள், சாமி கும்பிட்டோம், சுண்டல் சாப்பிட்டோம். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

முதல் கொண்டை ஊசி வளைவில் இருக்கைக்குக் கீழே கடகடவென்று ஒரு சத்தம். இடுப்பெலும்பு வரை அதிர்ந்தது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. மெதுவாகத் திரும்பினால் மறுபடி அதே சத்தம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு அட்டையை விரித்துப் போட்டுக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். டிஃப் பெட்டியில் எண்ணெய் ஊற்றும் மூடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு உலோகத் தகடு பதித்திருப்பார்கள். இதற்கென்று உள்ள எண்ணெயை மட்டுமே ஊற்றவும் என்று ஆங்கிலத்தில் அதில் எழுதியிருக்கும். அந்த எழுத்தின் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. எஞ்சின், கியர், டிஃப் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர்களுக்கு அந்த வழவழப்பான தகடு வசதியாக இருந்திருக்கிறது. பக்தியில் குறையே இல்லை. படிப்பதற்கு மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடியில் படுத்தபடியே அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, துடைக்கவும் மனம் வரவில்லை.

நேரே பட்டறைக்குப் போனேன். போமனும் என் கணவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, என் காடிக்கு டிஃப் ஆயில மாத்துனீங்களா?" என்று கேட்டேன்.

போமன் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஆமாண்ணே. பூசையாச்சே, எல்லாத்துக்கும் மாத்துனேன். டீச்சர் காடிக்கும் சேத்துத்தான். நம்ம டிரம்ல உள்ளதுதான், லோரிக்கு ஊத்துறது. நல்ல கெட்டி ஆயில்லா."

"என் காடிக்கு அது ஆகாது தம்பி. உள்ள தகடு இருக்கு. அதுக்குன்னு வேற ஆயில் இருக்கு. நான் ஊத்தியிருந்தது அதுதான்."

"பழசு தண்ணி மாதிரி இருந்துச்சுண்ணே" என்றார் அவர், மறுபடியும் என் கணவரிடம். "லோட் ஏத்துன லோரியே இந்த ஆயில்ல மல ஏறுது. இந்தச் சின்ன காடி ஏறாதா?"

இருவரும் சிரித்தார்கள். கேலி செய்கிற சிரிப்பில்லை. குழந்தை ஏதோ கேட்டதற்குப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. கேலி செய்திருந்தால் கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

"ஓடட்டும்லா, பழகிடும்" என்றார் என் கணவர்.

பழகவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கியா பார்முக்கு மேல் ஒரு வளைவில் சத்தம் வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. அன்றைக்கே இருவருமாகக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். போமன் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டினார்.

"தகடு தேஞ்சு போச்சுண்ணே. முன்ன வச்சிருந்தவன் ரேஸ் ஓட்டியிருப்பான். டிஃப் போச்சு."

"தேஞ்சு போனா சத்தமே வராது தம்பி" என்றேன். "வழுக்கிக்கிட்டுப் போயிடும். நல்லாப் பிடிக்கிற தகடுதான் இப்படிக் கத்தும். பூசைக்கு முந்தி இந்தச் சத்தம் இல்ல. ஆயில் மாத்துனதுக்கு அப்புறம்தான் வருது. இதுல என்ன புரியல?"

வகுப்பில் இதைவிடக் கடினமானதை ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் புரியவைத்திருக்கிறேன். இங்கே இரண்டு ஆண்பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியவில்லை. புரியாமல் இல்லை, சொல்வது யார் என்பதில்தான் அவர்களுக்குத் தகராறு.

"நான் லோரி ஓட்ட ஆரம்பிச்சப்ப நீ ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்த" என்றார் என் கணவர். அதோடு அவருக்குப் பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வாரத்தின் நடுவில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாகச் சொன்னார். கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கிற ஒருவருக்கு இந்த மாதிரி கார் மேல் ஆசையாம். டிஃபில் வேலை இருக்கிறது என்று சொல்லியும் பரவாயில்லை என்றாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராம்.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்த ரோட்ல மழையில டிஃப் கட்டிக்கிட்டா நீ என்ன செய்வ? நான் கேஎல் டவுனுக்கு லோட் ஏத்திப் போயிருப்பேன். யாரு வந்து பார்ப்பா? வேற ஒரு நல்ல காடியா, குட்டியா, ஆட்டோ கியர்ல வாங்கிக்கலாம்."

"அது என் காடி."

"வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

அவருக்கு நிஜமாகவே பயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. என் மேல் அக்கறை இல்லாதவர் என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த அக்கறைக்கு நான் சொல்வதைக் கேட்கிற காது மட்டும் இல்லை. என் கார் போய்விடும், அதுவும் தப்பான எண்ணெய் ஊற்றிய காரணத்துக்காகப் போய்விடும் என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். ஒரு குறையும் இல்லாத வண்டியைச் செத்துப்போனது என்று இரண்டு பேர் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை காரைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தேன். அலமாரியிலிருந்து எண்ணெயை எடுத்து வந்தேன். முதலில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அது இறுகிப்போய்த் திறக்காவிட்டால், கீழ் மூடியைத் திறந்து எண்ணெயை வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் முழிக்க வேண்டியிருக்கும். இதுவும் புரோக்கள் சொல்லிக்கொடுத்ததுதான். என் கணவர் வாசலில் வந்து நின்று பார்த்தார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. சற்று நேரத்தில் லோரியைக் கழுவப் போய்விட்டார்.

பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தண்ணீர் பிடிக்க வந்த அக்காள் ஒருவர், காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏன் டீச்சர், அண்ணன் வெளியூரா?"

"வீட்லதான்க்கா இருக்காரு. அங்க லோரி கழுவுறாரு."

"பின்ன நீங்க ஏன் இத செய்றீங்க?"

"என் காடிக்கா."

அக்காள் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு போனார். முழுவதும் தப்பென்றும் சொல்ல முடியாது.

லோரி எண்ணெய் வெளியே வரப் பிடிவாதம் பிடித்தது. அழுகிய முட்டை நாற்றம் வேறு. சொட்டு விழுவது நிற்கும்வரை காத்திருந்து, கீழ் மூடியை இறுக்கி, கைப்பம்பால் புதிய எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். துளையிலிருந்து வழிகிற அளவு வந்தால் போதும். மருந்தைப் பாதி மட்டும் சேர்த்தேன். முடிக்கும்போது முழங்கை வரை எண்ணெய், தலைமுடியிலும் எண்ணெய்.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் லோரிகள் திரும்புவதற்கென்று தார் போட்ட ஒரு திடல் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் அங்கே யாரும் இல்லை. புதிய எண்ணெய் தகடுகளுக்கு நடுவில் போய்ச் சேர வேண்டுமென்றால் மெதுவாக எட்டுப் போட வேண்டும். போட்டேன். முதலில் சத்தம் இருந்தது. ஒருவேளை அவர்கள் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. விடாமல் போட்டேன். சத்தம் தேய்ந்து, எப்போதாவது ஒரு முணுமுணுப்பாக வந்தது. நிறுத்தி, மருந்தில் இன்னும் கொஞ்சம் சேர்த்து, மறுபடி எட்டுப் போட்டேன். அப்புறம் டயர் தாரில் உரசும் ஓசை மட்டும்தான். ஜன்னலை இறக்கிவிட்டு, பக்கத்துச் சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரம் இரைவதைக் கேட்டுக்கொண்டே, தேவைக்கு மேலேயே சுற்றினேன். கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். "சத்தம் நின்னுடுச்சு. ஆயில்தான்."

"அப்படியா?" என்றார். "நல்லதாப் போச்சு. நாளைக்கு அவரு வர்றாரு."

நான் சொன்னதற்கு அர்த்தம் கார் விற்பனைக்கு இல்லை என்பது. அவர் எடுத்துக்கொண்டது, கார் விற்பனைக்குத் தயார் என்று. குளிக்கப் போனேன். எவ்வளவு சோப்புப் போட்டும் அந்த நாற்றம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூத்தோட்டக்காரர் வந்தார். மரியாதையானவர். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், காப்பிக்கு நன்றி சொன்னார். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஓட்டிப் பார்க்கலாமாண்ணே?" என்று என் கணவரிடம் கேட்டார். ஆணியில் தொங்கிய சாவியை என் கணவர் எடுத்துக் கொடுத்தார். அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். இவர் பக்கத்தில் ஏறினார். இருப்பதே இரண்டு இருக்கை. என் காரில் எனக்கு இடம் இல்லை. அவர்கள் போன பிறகு வாசலில் காப்பிக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கோபத்தோடு நான் கோப்பை கழுவியதில்லை.

திரும்பி வரும்போது பூத்தோட்டக்காரரின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"சத்தமே இல்லயேண்ணே. டிஃப் போச்சுன்னீங்க. வளைவுல என்னமா பிடிக்குது. வேல செஞ்சுட்டீங்களா?"

"ஆயில் பிரச்சினதான். மாத்தியாச்சு" என்றார் என் கணவர்.

"அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சு. நான் எடுத்துக்கிறேன்ணே."

நான் பழுது பார்த்தேன். பழுது பார்த்ததால் என் காரின் மதிப்பு கூடிவிட்டது. மதிப்பு கூடியதால் அது என்னைவிட்டு இன்னும் வேகமாகப் போகப்போகிறது. இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் நான் இல்லை. பூத்தோட்டக்காரர் சாவியை நீட்டினார். என்னிடம் இல்லை, என் கணவரிடம்.

நான் வாசற்படியை விட்டு இறங்கினேன்.

"இதுல என்ன ஆயில் ஊத்தியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

சாவியை வாங்கிக்கொண்டு அவர் பூத்தோட்டக்காரரைப் பார்த்தார்.

"நேத்து அங்கதான நின்னுக்கிட்டு இருந்தீங்க. என்ன ஆயில், எவ்வளவு ஊத்துனேன், மருந்து எவ்வளவு சேத்தேன். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"இப்ப எதுக்கு இது" என்றார் மெதுவாக. "வெளி ஆளு முன்னால."

"விக்கிறதும் வெளி ஆளு முன்னாலதான நடக்குது."

"வாக்குக் குடுத்துட்டேன்மா. நான் என்ன செய்ய?"

"வாக்குக் குடுத்தது நீங்க. உங்க லோரி அங்க நிக்குது. அதக் குடுங்க."

பூத்தோட்டக்காரர் தன்னை அறியாமல் திரும்பி லோரியைப் பார்த்தார். அவர் பார்ப்பதை என் கணவர் பார்த்தார். ஒரே ஒரு கணம்தான். தன் பொருளை வேறொருவர் விலைக்குப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அந்தக் கணத்தில் அவர் முகத்தில் தெரிந்தது. இத்தனை நாள் நான் வாயால் சொல்லிப் புரியாதது அவருக்கு அப்போது புரிந்தது.

சாவியை என் கையில் வைத்தார்.